வாளையார் சாலையில் டொலுவீனும் அசிட்டோனும்

வாளையாருக்கும் கஞ்சிக்கோட்டுக்கும் இடையே, தேசிய நெடுஞ்சாலை 544-இல், கரைப்பான் ஏற்றிய டேங்கர் லாரி கவிழ்ந்தால், காற்று வரும் திசையில் எட்ட நின்று முதலில் அதன் பலகையிலுள்ள ஐ.நா. எண்ணை, அதாவது ஏற்றியிருக்கும் ஆபத்தான சரக்கு எது என்று காட்டும் நான்கு இலக்க எண்ணைப் பார்க்க வேண்டும். 1294 என்றால் டொலுவீன். 1090 என்றால் அசிட்டோன். இரண்டும் நிறமற்றவை, இரண்டும் தின்னரில் சேர்பவை. ஆனால் ஒன்றுக்கு ஏற்ற வைத்தியம் மற்றதற்கு ஆகாது.

தீப்பற்று வெப்பநிலையை (பொறி பட்டால் பற்றும் அளவுக்கு ஆவி எழத் தேவையான மிகக் குறைந்த வெப்பநிலை) மட்டும் வைத்துப் பார்த்தால் அசிட்டோனே கொடியது: அதற்குச் சுமார் மைனஸ் 20 டிகிரி செல்சியஸ், டொலுவீனுக்கு 4. பாலக்காட்டு வெயிலில் இந்த வேறுபாட்டுக்குப் பொருளே இல்லை. இரண்டும் ஆண்டு முழுவதும் பற்றக்கூடியவைதான். தீப்பிடிக்காமல் வெறுமனே கொட்டிக் கிடக்கும்போது டொலுவீனுக்குத்தான் நான் அதிகம் அஞ்சுவேன். காற்றில் அசிட்டோன் ஆவி ஏறத்தாழ 2.5 விழுக்காடு சேர்ந்தால்தான் பற்றும், டொலுவீனுக்கு 1.2 விழுக்காடு போதும். காற்றைவிட மூன்று மடங்கு கனமான அதன் ஆவி சாலையோரப் பள்ளங்களில் தங்கிவிடும். மேலும், டொலுவீன் மின்சாரத்தை எளிதில் கடத்தாததால், மிச்சச் சரக்கைப் பம்பு வைத்து வேறு லாரிக்கு மாற்றும்போது நிலைமின்னூட்டம் திரண்டு பொறி பறக்கலாம். அசிட்டோனில் அது விரைவாக வடிந்துவிடும். எதுவானாலும் இரு லாரிகளையும் கம்பியால் இணைத்து எர்த் கொடுத்த பிறகே மாற்ற வேண்டும்.

தீ பிடித்துவிட்டாலோ கதை மாறுகிறது. தண்ணீரில் கரையாமல் மிதக்கும் டொலுவீன் மீது நீரைப் பாய்ச்சியடித்தால் நெருப்பு பரவும். பெட்ரோலுக்குப் பயன்படும் நுரையே அதை மூடி அணைத்துவிடும். அதே நுரையை அசிட்டோன் மீது அடித்தால், நுரையிலுள்ள நீரை அது உறிஞ்சிப் போர்வையைக் குலைத்துவிடும். தண்ணீரில் முழுதாகக் கலப்பதால் நீர் விட்டு நீர்க்கச் செய்யலாம் என்பது உண்மைதான். ஆனால் பத்தில் ஒரு பங்கு அசிட்டோன் கலந்த நீர்கூட இப்பகுதியின் பகல் வெப்பத்தில் பற்றும் என்பதால், அதற்கு வேண்டிய தண்ணீர் கொஞ்சநஞ்சமல்ல. அந்தத் தண்ணீர் வாளையாற்றில் இறங்கினால் பிரித்தெடுக்கவும் முடியாது. டொலுவீனையாவது மண் அணை கட்டித் தடுத்து மேலாக வழித்தெடுக்கலாம்.

ஆட்களை விலக்கும் தூரம் இரண்டுக்கும் ஒன்றே: உடனடியாகச் சுற்றிலும் 50 மீட்டர், பெருங்கசிவானால் காற்று போகும் திசையில் 300 மீட்டர், டேங்கரே நெருப்பில் சிக்கினால் சுற்றிலும் 800 மீட்டர். பாலக்காட்டுக் கணவாயில் தென்மேற்குப் பருவத்தில் காற்று கோவைப் பக்கமும், மார்கழி, தை மாதங்களில் பாலக்காட்டுப் பக்கமும் வீசுவதால், எந்த ஊரை முதலில் எச்சரிப்பது என்பது மாதத்தைப் பொறுத்தது.

எல்லையின் இருபுறத் தீயணைப்பு நிலையங்களும் ஒரே வகை நுரைதான் வைத்திருக்க முடியும் என்றால், அசிட்டோன் போல நீரில் கலக்கும் திரவங்கள் மீதும் குலையாத, ‘ஆல்கஹாலைத் தாங்கும் நுரை’ எனப்படுவதையே வைக்கலாம்; விலை கூடுதலானாலும் அது டொலுவீனுக்கும் பயன்படும்.