அல்யானிக்கோவா, நெபியோலோவா?

லேபிளை மறைத்து ருசிக்கும்போது அதிகம் குழப்புவது இத்தாலியின் இந்த இரண்டு சிவப்பு வைன் திராட்சைகள்தான். பரோலோ என்பது நெபியோலோவில் செய்யும் பெயர்பெற்ற வைன்; அல்யானிக்கோவில் செய்யும் தவுராசி வைனுக்குத் ‘தெற்கின் பரோலோ’ என்றே பெயர் உண்டு. இரண்டிலும் புளிப்பு தூக்கல், துவர்ப்பு ஈறைக் கவ்விப் பிடிக்கும். அதனால் முதலில் நிறத்தைப் பாருங்கள்.

கிளாஸை வெள்ளைத்தாள் மேல் சாய்த்துப் பிடித்தால், வடக்கே பியமோன்தேயின் நெபியோலோ வெளிறித் தெரியும். தாளிலுள்ள எழுத்தைக்கூடப் படிக்கலாம். ஓரம் சீக்கிரமே செங்கல் நிறமாகும். தெற்கே கம்பானியா, பசிலிகாத்தா பக்கத்து அல்யானிக்கோ நல்ல அடர்சிவப்பு.

அப்புறம் மணம். நெபியோலோவில் ரோஜாவும் தாரும்; அல்யானிக்கோவில் கறுத்த பிளம், பதனிட்ட தோல், புகை. வுல்துரே எரிமலைச் சரிவில் விளைந்ததில் அந்தப் புகைவாசம் எனக்குத் தெளிவாகவே கிடைக்கும். பழைய பாட்டில் என்றால் சிக்கல்தான், அல்யானிக்கோவும் வெளுத்துவிடும். அப்போது ரோஜா இருக்கிறதா என்றுதான் தேடுவேன்.