லிப்போசோம் டாக்சோருபிசின்: ஒரு மருந்தாளுநரின் மதிப்பீடு

புற்றுநோய்க்கு நானோ மருந்து என்றதும் எதிர்காலத்தில் வரப்போகும் ஏதோவொன்று என்றே பலரும் நினைக்கிறார்கள். ஆனால் டாக்சில் என்ற பெயரில் 1995-இலேயே அமெரிக்காவில் அனுமதி பெற்ற லிப்போசோம் டாக்சோருபிசின் என்ற இந்த நானோ மருந்து, இன்று நம் ஊர்ப் புற்றுநோய் வார்டுகளிலும் புழக்கத்தில் இருக்கிறது. 2012-இல் அங்கே அதற்குத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, இதே மருந்தை இந்தியாவின் சன் ஃபார்மா தயாரிக்கும் வடிவமான லிப்போடாக்ஸை இறக்குமதி செய்ய அனுமதித்தார்கள்.

புற்றுநோய்க்கான கீமோதெரபி மருந்தான சாதாரண டாக்சோருபிசின் தெளிந்த சிவப்பாக இருக்கும். லிப்போசோம் வகையின் குப்பியை வெளிச்சத்தில் பிடித்தால் சிவப்பு சற்று மங்கலாகத் தெரியும். காரணம், லிப்போசோம் எனப்படும், சுமார் 100 நானோமீட்டர் அளவுள்ள கொழுப்புக் குமிழ்களுக்குள் மருந்து அடைபட்டிருக்கிறது. குமிழின் மேலுள்ள பாலிஎத்திலின் கிளைக்கால் பூச்சு, உடலின் தற்காப்புச் செல்கள் அதை உடனே விழுங்கிவிடாமல் காப்பதால், மருந்து நாள்கணக்கில் ரத்தத்தில் சுற்றி, இறுக்கமில்லாத சுவர்களைக் கொண்ட கட்டியின் ரத்தக் குழாய்கள் வழியே கசிந்து இறங்குகிறது.

இதன் உண்மையான சிறப்பு இதயத்தைப் பொறுத்தது. பரவிய மார்பகப் புற்றுநோய் கொண்ட 509 பெண்களிடம் நடந்து 2004-இல் வெளியான ஆய்வில், நோயைக் கட்டுப்படுத்துவதில் சாதாரண டாக்சோருபிசினும் லிப்போசோம் வகையும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தன. இதயப் பாதிப்பு மட்டும் லிப்போசோம் வகையில் வெகுவாகக் குறைந்தது. விலை கூடுதல் என்பதாலேயே வீரியமும் கூடுதல் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டியதில்லை.

குறைகளும் உண்டு. உள்ளங்கையும் பாதமும் சிவந்து, எரிந்து, தோல் உரிவது இதன் தனித் தொல்லை. சிலருக்கு முதல் முறை ஏற்றும்போதே மூச்சுத்திணறல், முகச் சிவப்பு வரும் என்பதால் நிமிடத்துக்கு 1 மில்லிகிராம் வேகத்தில்தான் தொடங்க வேண்டும். சலைனில் கலக்கக் கூடாது, 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் மட்டுமே. சாதாரண டாக்சோருபிசினுக்குப் பதிலாக அதே மில்லிகிராம் கணக்கில் இதைக் கொடுப்பது ஆபத்து.

நைட்ரிக் ஆக்சைடு, ஹைட்ரஜன் சல்ஃபைடு போன்ற வாயுக்களைக் கட்டிக்குள்ளேயே வெளியிடும் நானோ துகள்களைப் பற்றி நோயாளிகளின் வீட்டார் இப்போது கேட்கிறார்கள். சுவையான ஆராய்ச்சிதான், ஆனால் பெரும்பாலும் ஆய்வகத்தையும் எலிகளையும் தாண்டாத அதற்காக, கையில் இருக்கும் சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது.

சிஸ்பிளாட்டின் போன்ற பிளாட்டினம் வகைக் கீமோதெரபி மருந்துக்குப் பிறகு திரும்பி வந்த சினைப்பைப் புற்றுநோய்க்கும், இதயத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டிய நோயாளிகளுக்கும் இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஏற்றிய பின் சில நாட்களுக்குச் சுடுநீர்க் குளியலையும் இறுக்கமான செருப்பையும் தவிர்க்க வேண்டும். கை கால் எரிச்சல் தொடங்கினால் அடுத்த தவணைக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும், அளவைக் குறைக்கவோ நாளைத் தள்ளவோ அவரால் முடியும்.