தண்ணீர் டேங்க் ஸ்டாண்டுக்கு 40×5 ஆங்கிளா, 50×6 ஆங்கிளா?

மொட்டை மாடியில் 1000 லிட்டர் பிளாஸ்டிக் டேங்க். நிரம்பினால் தண்ணீரே 1000 கிலோ. காலுக்குச் சுமார் 250 கிலோ. அதை 40×40×5 ஆங்கிளும் (L வடிவ இரும்புச் சட்டம்; இரு பக்கமும் 40 மி.மீ. அகலம், 5 மி.மீ. கனம்; சுருக்கமாக 40×5) தாங்கிவிடும், கால் குட்டையாக இருந்தால்.

சிக்கல் மேல் சட்டத்தில்தான். 40×5 மீட்டருக்கு 3 கிலோ, 50×50×6 நாலரைக் கிலோ. எடை ஒன்றரை மடங்குதான் கூடுகிறது. வளையாமல் நிற்கும் விறைப்போ ஏறத்தாழ 2.4 மடங்கு. எடைக்குத்தானே காசு? அப்படிப் பார்த்தால் பெரியதே லாபம்.

பலர் "கனம் கூட்டிப் போடுங்க" என்று 40×6 கேட்பார்கள். அதில் விறைப்பு ஆறில் ஒரு பங்குதான் ஏறும். அதே 5 மி.மீ. கனத்தில் அகலத்தை 50 ஆக்கினால் இரண்டு மடங்காகிவிடும், 3.8 கிலோவிலேயே.

கனத்துக்கும் வேலை உண்டு: துரு. ஒழுகும் டேங்குக்கடியில் ஒரு மி.மீ. அரித்துப்போனாலும் 6-இல் 5 மிஞ்சும்.

500 லிட்டர், இரண்டடி உயரம் என்றால் 40×5 போதும். 1000 லிட்டருக்கு 50×6, நான்கு பக்கமும் குறுக்குச் சட்டத்தோடு. காற்றுக்கு ஆடாமல் பிடிப்பது அதுதான். எதுவானாலும் டேங்கின் அடி முழுதும் பலகையோ தகடோ படிந்திருக்க வேண்டும்.