பழைய எஸ்யூவி வாங்கும்போது ஆர்.சி.யில் மாதத்தைப் பாருங்கள்: கிராண்ட் விட்டாரா, ஹைரைடர், கிரெட்டா, செல்டோஸ், எக்ஸ்யூவி700

"மாப்ளே, இந்த வண்டியத்தான் கம்பெனியே திரும்ப வாங்கிக்கிச்சாமே, அப்புறம் எப்படி விக்கிறாங்க?" என்று சேலத்திலிருந்து மச்சான் போன் செய்தார். தப்பு அவர்மேல் இல்லை. ரீகால் என்றாலே "17,362 கார்களைத் திரும்பப் பெறுகிறது மாருதி" என்றுதான் நம் செய்தித்தாள்களில் தலைப்பு வருகிறது. வண்டியை வாங்கிக்கொண்டு பணத்தைக் கொடுத்துவிடுவார்கள் என்றுதானே யாரும் நினைப்பார்கள். நடப்பது வேறு. ஒரு குறிப்பிட்ட காலத்தில் தயாரான வண்டிகளில் ஒரு பாகம் சரியில்லை என்று சந்தேகம் வருகிறது. சர்வீஸ் சென்டருக்கு வரச்சொல்லி, இலவசமாகப் பார்த்து மாற்றிக் கொடுத்துவிட்டு, வண்டியை நம்மிடமே அனுப்பிவிடுகிறார்கள்.

மச்சானுக்கு வேண்டியது இரண்டு மூன்று வருடம் ஓடிய ஒரு குடும்ப எஸ்யூவி. பின்சீட்டில் அத்தையும் இரண்டு பிள்ளைகளும் உட்காருவார்கள். ஐந்து வண்டிகளைக் குறித்து வைத்திருந்தார். மைலேஜ், சன்ரூஃப் பேச்சை ஓரம்கட்டிவிட்டு, ரீகாலையும் உரிமையாளர்களின் புகாரையும் மட்டும் வைத்து அந்த ஐந்தையும் அலசிப் பார்த்தேன்.

முதலில் இரட்டையர்கள். மாருதி கிராண்ட் விட்டாராவும் டொயோட்டா ஹைரைடரும் பெங்களூருக்குப் பக்கத்தில் பிடதியில் உள்ள டொயோட்டா ஆலையில் பிறந்தவை. முகமும் பெயரும் வேறு, உள்ளே இருப்பது ஒரே எலும்புக்கூடு. 2022 செப்டம்பரில் விற்பனைக்கு வந்த ஐந்து மாதத்துக்குள் மூன்று ரீகால்கள். 2022 டிசம்பரில் முன்சீட் பெல்ட்டின் தோள் உயரத்தைச் சரிசெய்யும் பாகம்: கிராண்ட் விட்டாராவையும் சேர்த்து ஐந்து மாருதி மாடல்களில் 9,125 வண்டிகள், ஹைரைடரில் 994. 2023 ஜனவரியில் ஏர்பேக் கண்ட்ரோலர்: மாருதியில் ஆறு மாடல்கள் சேர்த்து 17,362, டொயோட்டாவில் கிளான்ஸாவும் ஹைரைடரும் சேர்த்து 1,390. அந்தச் சூடு ஆறுவதற்குள் பின்சீட் பெல்ட்டைப் பிடித்து நிறுத்தும் பிராக்கெட். நாளாக ஆக அது தளர்ந்துபோகலாம் என்றார்கள். கிராண்ட் விட்டாரா 11,177, ஹைரைடர் 4,026.

இதில் நான் அதிக நேரம் நின்றது ஏர்பேக் விஷயத்தில். அதே பாகம், 2022 டிசம்பர் 8 முதல் 2023 ஜனவரி 12 வரை என்று தயாரிப்புத் தேதியும் ஒன்றேதான். ஆனால் பாகத்தை மாற்றும்வரை வண்டியை ஓட்டவே வேண்டாம் என்றது மாருதி. பயன்பாட்டைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்றது டொயோட்டா. ஏர்பேக் விரியாமல் போகலாம், பெல்ட் இறுக்காமல் போகலாம் என்கிற குறைக்கு எது சரியான பதில்? என் ஓட்டு மாருதிக்கு. குறைத்து ஓட்டும்போது மட்டும் விபத்து நடக்காது என்று யார் உத்தரவாதம் தர முடியும்?

2025 நவம்பரில் மறுபடியும் இரண்டும் சேர்ந்தே வந்தன. பெட்ரோல் அளவு காட்டும் முள்ளும் எச்சரிக்கை விளக்கும் சரியாகக் காட்டாமல் போகலாம் என்று 39,506 கிராண்ட் விட்டாரா, 11,529 ஹைரைடர். எல்லாம் 2024 டிசம்பர் 9 முதல் 2025 ஏப்ரல் 29 வரை தயாரானவை. எண்ணிக்கை பயமுறுத்தினாலும், ராத்திரி பைபாஸில் பெட்ரோல் தீர்ந்து நிற்பதுதான் இதன் அதிகபட்சக் கஷ்டம். 994 வண்டிக்கு வந்த சீட் பெல்ட் ரீகாலோடு ஒப்பிட்டால் இது சின்ன விஷயம். எத்தனை ஆயிரம் வண்டி என்பதைவிட எந்தப் பாகம் என்பதுதான் கேள்வி.

ஆக, இந்த இரண்டில் ரீகாலை வைத்து ஒன்றைத் தூக்கி ஒன்றை இறக்க முடியாது. டொயோட்டா எண்ணிக்கை சின்னதாகத் தெரிவதற்குக் காரணம் வண்டிகள் குறைவு, அவ்வளவுதான். "டொயோட்டான்னா தரம்பா" என்று ஹைரைடருக்குக் கூடுதலாகக் கேட்கும் புரோக்கரிடம் தாராளமாகப் பேரம் பேசலாம்.

அடுத்து பங்காளிகள். ஹூண்டாய் கிரெட்டா நம்ம ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து ஆலையில் தயாராவது, கியா செல்டோஸ் ஆந்திராவின் பெனுகொண்டா பக்கத்தில். நிறுவனங்கள் வேறு என்றாலும் குடும்பம் ஒன்று, கியர்பாக்ஸும் ஒன்று. 2024 தொடக்கத்தில் இரண்டுக்கும் ஒரே காரணத்துக்காக ரீகால் வந்தது: 1.5 பெட்ரோல் ஆட்டோமேட்டிக்கில் இருக்கும் எலக்ட்ரானிக் ஆயில் பம்ப்பின் கண்ட்ரோலர். கிரெட்டாவும் வெர்னாவும் சேர்த்து 7,698, தயாரிப்பு 2023 பிப்ரவரி 13 முதல் ஜூன் 6 வரை. செல்டோஸ் 4,358, பிப்ரவரி 28 முதல் ஜூலை 13 வரை. இந்த வகை கியர்பாக்ஸ் ஓடுவதே ஆயில் அழுத்தத்தை நம்பித்தான். பம்ப் சோர்ந்தால் பெல்ட்டும் புல்லியும் பாடுபடும். மேனுவல் கியரோ டீசலோ வாங்குகிறவர்களுக்கு இதில் ஒன்றுமில்லை.

இந்த இரண்டிலும் ரீகாலைவிட, ரீகாலாக மாறாத புகார்கள்தான் அதிகம் காதில் விழுகின்றன. டீசல் வைத்திருப்பவர்கள் சொல்வது டிபிஎஃப். புகைக்கரியைப் பிடித்துவைக்கும் ஃபில்டர் அது. அந்தக் கரி எரிய வேண்டுமானால் சிறிது நேரம் ஒரே வேகத்தில் ஓட வேண்டும். வீட்டிலிருந்து பள்ளிக்கூடம், பள்ளிக்கூடத்திலிருந்து மார்க்கெட் என்று தினமும் நான்கு கிலோமீட்டர் ஓடும் வண்டியில் அது அடைத்துக்கொண்டு, டேஷ்போர்டில் விளக்கு எரியும். டர்போ பெட்ரோலில் வரும் டிசிடி என்கிற இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் நெரிசலில் ஊர்ந்தால் கிளட்ச் சூடாகிறது என்பது இன்னொன்று. இதெல்லாம் பாதுகாப்புக் குறை இல்லை என்பதால் ரீகால் பட்டியலில் தேடினால் கிடைக்காது. சேலம் டவுனுக்குள்ளேயே சுற்றும் மச்சானுக்கு டீசல் வேண்டாம் என்று அங்கேயே சொல்லிவிட்டேன்.

கடைசியாக மஹிந்திரா எக்ஸ்யூவி700. ஒரே அறிவிப்பில் பெரிய எண்ணிக்கை இதற்குத்தான். 2023 ஆகஸ்டில் 1,08,306 வண்டிகள். 2021 ஜூன் 8 முதல் 2023 ஜூன் 28 வரை தயாரானவை, அதாவது ஏறக்குறைய அதுவரை வந்த எல்லாமே. இன்ஜின் பகுதியில் வயரிங் போகும் பாதை சரியில்லை, உரசி அறுந்துபோக வாய்ப்பு உண்டு என்பது காரணம். அதற்கு முன் 2022 ஜூலை 1 முதல் நவம்பர் 11 வரை தயாரான மேனுவல் வண்டிகளில் கிளட்ச் பெல் ஹவுசிங்குக்குள் இருக்கும் ரப்பர் பாகம்: எக்ஸ்யூவி700 12,566, ஸ்கார்ப்பியோ-என் 6,618. சப்ளையர் ஆலையில் பாகங்களைத் தரம் பிரித்ததில் நடந்த தவறு என்றார்கள்.

மாருதி, டொயோட்டாவின் ஏர்பேக் கண்ட்ரோலர் ரீகால் ஒரு மாதத் தயாரிப்போடு முடிந்தது, இங்கே இரண்டு வருடம். ஒரு மாதம் என்றால் சப்ளையர் அனுப்பிய ஒரு லாட் கெட்டுப்போயிருக்கும். இரண்டு வருடம் என்றால் வண்டியை வடிவமைத்த மேஜையிலேயே யாரோ கவனிக்காமல் விட்டிருக்கிறார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. புகார்களும் உண்டு. திரை உறைந்துபோவது, தேவையில்லாத இடத்தில் ரேடாரை நம்பித் தானாகப் பிரேக் பிடிப்பது என்று உரிமையாளர்கள் சொல்கிறார்கள். முன்னால் ஆடு குறுக்கே வந்தாலும் வரும், ஷேர் ஆட்டோ சொருகினாலும் சொருகும் நம் சாலையில் அந்த ரேடாரும்தான் என்ன செய்யும்!

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். குளோபல் என்கேப் மோதல் சோதனையில் எக்ஸ்யூவி700 2021இல் 5 நட்சத்திரம் வாங்கியது. செல்டோஸ் 2020இலும் கிரெட்டா 2022இலும் வாங்கியது 3. வயரிங்கை ஒரு மணி நேரத்தில் திருத்திவிடலாம், உடலின் பலத்தை எந்த சர்வீஸ் சென்டரிலும் ஏற்ற முடியாது. பட்ஜெட் இடம் கொடுத்தால், ரீகால் வேலை முடிந்த எக்ஸ்யூவி700தான் என் முதல் தேர்வு. இல்லையென்றால் 2023 நடுவுக்குப் பிறகு, 2024 நவம்பருக்குள் தயாரான கிராண்ட் விட்டாரா அல்லது ஹைரைடர், எது மலிவோ அது.

ரீகால் வேலை முடிந்ததா என்று எப்படித் தெரியும்? இதில் நானே ஏமாந்திருக்கிறேன். நான் முன்பு வைத்திருந்த பழைய வண்டிக்கு ரீகால் கடிதம் முதல் உரிமையாளரின் பழைய முகவரிக்குப் போயிருக்கிறது. ஒன்றரை வருடம் கழித்து ஆயில் மாற்றப் போனபோது, சர்வீஸ் அட்வைசர் திரையைப் பார்த்துவிட்டு, "சார், இதுல ஒரு கேம்பெய்ன் பென்டிங் இருக்கே" என்றார், ஏதோ பார்க்கிங் பாக்கி மாதிரி. அதுவரை அந்த வண்டியில்தான் பிள்ளைகளைப் பள்ளியில் விட்டேன்.

2012இல் வாகன உற்பத்தியாளர்களின் சங்கமான சியாம் அமைப்பு கொண்டுவந்த நடைமுறைப்படி ரீகால் என்பது நிறுவனங்கள் தாமாக முன்வந்து செய்வது. 2019 மோட்டார் வாகனச் சட்டத் திருத்தமும் 2021 ஏப்ரலில் அமலான விதிகளும் வந்த பிறகு அரசே உத்தரவிடலாம், 1 கோடி ரூபாய் வரை அபராதமும் உண்டு. அதெல்லாம் நிறுவனத்துக்கு. உங்கள் கையில் இருப்பது ஆர்.சி. புத்தகம். அதில் தயாரிப்பு மாதமும் வருடமும் இருக்கும், பதிவுத் தேதியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். மேலே சொன்ன மாதங்களில் விழுந்தால், சேஸிஸ் எண்ணை நிறுவனத்தின் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். பிறகு, செய்த வேலையை சர்வீஸ் சென்டர் எழுதிவைக்கும் ஜாப் கார்டைக் கேளுங்கள். "எல்லாம் பண்ணியாச்சு சார்" என்கிற வாய்வார்த்தை கணக்கில் வராது.

நேற்று ராத்திரி மச்சான் வாட்ஸ்அப்பில் ஒரு ஆர்.சி. படம் அனுப்பினார். கட்டைவிரல் பாதி மறைத்திருந்தது, பெரிதாக்கிப் பார்த்தால் 11/2023. எந்த மாதக் கணக்கிலும் சிக்கவில்லை. "சரி, காலையில இன்ஜின் ஆறியிருக்கும்போதே போய் ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க மச்சான். பின்சீட் பெல்ட்டை மூணு தடவை வெடுக்குனு இழுத்துப் பாருங்க" என்று பதில் போட்டேன்.