பழைய வேனின் பின்சீட்டுக்குத் தோள் பெல்ட்: பில்லரிலா, சீட்டிலா, இடுப்போடு நிறுத்துவதா?

பழைய ஆம்னியையோ மெட்டடோரையோ படுத்துப் போகும் வேனாக மாற்றும்போது மெத்தை, அடுப்பு, ஃபேன் என்றுதான் மனசு போகும். பெல்ட்டை முதலில் முடிவு செய்யுங்கள். பிளைவுட் அடித்த பிறகு தரையைக் கிளறுவது இரட்டைச் செலவு.

இடுப்பு பெல்ட்தான் மலிவு. இரண்டே போல்ட், அரைநாள் வேலை. ஆனால் நாலுவழிச் சாலையில் வேகமாக மோதினால் இடுப்பு நிற்கும், மேலுடம்பு மடிந்து தலை முன்சீட்டில் அடிக்கும். பெல்ட் வயிற்றுக்கு ஏறிக் கிடந்தால் குடல் கிழியலாம், முதுகெலும்பு முறியலாம். பெல்ட்டே இல்லாததற்கு இது மேல், அவ்வளவுதான். தோள் பட்டையைப் பிடிக்க இரும்பே இல்லாத நடு இருக்கைக்கு மட்டும் இதை வையுங்கள்.

பில்லரில், அதாவது கூரையைத் தாங்கும் பக்கவாட்டுத் தூணில், மாட்டும் மூன்று முனை பெல்ட்டுக்கே (தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடிப்பது) எங்கள் ஓட்டு. உடம்பின் பாரத்தை சீட் தாங்காமல் பாடியே தாங்குகிறது. ஆனால் பட்டறையில் கெடுவதும் இதுதான். மேல் முனை தோளின் உயரத்திலோ அதற்கு மேலோ, சற்றுப் பின்னால் இருக்க வேண்டும். தோளுக்குக் கீழே போனால் மோதும்போது முதுகெலும்பைக் கீழே அழுத்தும். பழைய வேனின் பில்லர் மெல்லிய தகரப் பெட்டி. அதில் வெறும் நட்டை வெல்டிங் வைத்தால் தகரத்தோடு பிய்த்துக்கொண்டு வரும். குறைந்தது 75 x 50 மி.மீ. அளவு, 3 மி.மீ. கனத்தில், முனைகளை மழுக்கிய பிளேட்டை உட்பக்கம் வையுங்கள். போல்ட் முனை நீண்டு கதவு ரெயிலில் இடிக்கிறதா என்று வெளியே போயும் பாருங்கள்.

பெல்ட் சுருளும் ரீட்ராக்டர் செங்குத்தாக நிற்க வேண்டும். அதற்குள் இருக்கும் குண்டு சரிவை உணர்ந்து பூட்டும். ஐரோப்பிய விதிப்படி பொருத்திய நிலையிலிருந்து 12 டிகிரி வரை சாய்ந்தால் பூட்டக்கூடாது, 27 டிகிரி தாண்டினால் பூட்டியே ஆக வேண்டும். கோணலாக மாட்டினால் மாஞ்சோலை மலை ஏற்றத்தில் சும்மாவே இறுகும், உட்கார்ந்தவர் கழற்றிப் போட்டுவிடுவார். போல்ட் போடுமுன் கையில் பிடித்துச் சாய்த்து, பட்டையை இழுத்துப் பார்த்துவிடுங்கள்.

மூன்றாவது வழி, சீட்டின் சட்டத்திலேயே தோள் முனை வைப்பது. பார்க்க அழகு, சீட்டை எங்கும் நகர்த்தலாம். ஆனால் லேசுப்பட்ட சோலி இல்லை. ஐரோப்பிய சோதனை விதியில் தோள் பட்டைக்கும் இடுப்புப் பட்டைக்கும் ஒரே நேரத்தில் தலா 13.5 கிலோநியூட்டன் இழுவை, அதாவது ஒவ்வொன்றிலும் கிட்டத்தட்ட 1,375 கிலோ தொங்குவதற்குச் சமம். சீட்டின் சொந்த எடையால் வரும் பாரம் அதற்கு மேல். மெல்லிய சதுரக் குழாயில் செய்த பெஞ்ச் அப்படியே முன்னால் சாய்ந்துவிடும். படுக்கையாக மடியும் பெஞ்சின் கீலுக்கு அந்தப் பாரம் தாங்கவே தாங்காது. பெல்ட்டோடு சேர்ந்தே வடிவமைத்த தொழிற்சாலை சீட் கிடைத்து, அதன் கால்கள் சேஸிஸ் குறுக்குச் சட்டத்தில் உட்கார்ந்தால் மட்டும் சரி. பிளைவுட் பெட்டியில் எந்த பெல்ட் முனையும் வேண்டாம். வேனின் பக்கவாட்டு பெஞ்சில் ஓடும்போது யாரையும் உட்கார வைக்காதீர்கள். பெல்ட் போட்டாலும் மோதும்போது உடம்பு குறுக்கே முறுகும்.

போல்ட் விஷயத்தில் கறாராக இருங்கள். பெல்ட் போல்ட் பெரும்பாலும் 7/16 அங்குலம், அங்குலத்துக்கு 20 மரை. எம்12 (12 மி.மீ.) போல்ட் கண்ணுக்கு ஒரே பருமனாகத் தெரியும், மரை வேறு. லேத்தில் கட்டாயப்படுத்தி ஏற்றினால் மரை நைந்துவிடும். போல்ட் தலையில் வலுவைக் காட்டும் ஆறு கோடு அல்லது 10.9 என்று பொறித்திருக்க வேண்டும். இறுக்கும் முறுக்கு சுமார் 40 நியூட்டன் மீட்டர். தோள் பட்டையின் மேல் வளையம் போல்ட்டைச் சுற்றி எளிதாகத் திரும்ப வேண்டும். இறுகி நின்றால் பட்டை மடங்கித் தேயும்.

காயலாங்கடை பெல்ட் விலை குறைவுதான். ஆனால் மோதிய வண்டியிலிருந்து வந்திருந்தால் நூல் ஏற்கெனவே நீண்டிருக்கும், கண்ணுக்குத் தெரியாது. சோதனை முத்திரையுள்ள புதியதையே வாங்குங்கள். வெல்டிங் நடக்கும்போது பெல்ட்டைக் கழற்றி வையுங்கள். பொறி பட்ட இடத்தில் நூல் உருகி வலுவிழக்கும்.

உவரி, திருச்செந்தூர்ப் பக்கம் கடலோரத்தில் நின்ற வேன் என்றால் துரு பிடித்திருக்கலாம், முதலில் கண்ணாடி ரப்பருக்குக் கீழும் தரையிலும் திருப்புளியால் அழுத்திக் குத்துங்கள். திருப்புளி உள்ளே இறங்கினால் அந்தத் தகரத்தை வெட்டிப் புதிது வைத்த பிறகுதான் பெல்ட் வேலை.