வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போகிற வழியில் எதைக் குடிக்கலாம்?

வைகாசிப் பொங்கலுக்கு முல்லைத்தீவு வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலுக்குப் போனவர்களுக்கு அந்த வெயிலைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று வீசத் தொடங்கியிருக்கும். காற்றில் வேர்வை உடனே காய்ந்துவிடுவதால் உடம்பிலிருந்து எவ்வளவு தண்ணீர் போகிறதென்றே தெரியாது. தலையிடி வந்த பிறகுதான் தெரியும். பரந்தனிலிருந்து புதுக்குடியிருப்பு வழியாக வந்தாலும், மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான், முள்ளியவளை வழியாக வந்தாலும் தாகசாந்திப் பந்தல்களில் கையைப் பிடித்து இழுத்துத் தருவார்கள். எதை வாங்குவது, எதை விடுவது?

சர்பத்தைத்தான் பிள்ளைகள் முதலில் கேட்பார்கள். எனக்குச் சர்பத்தில் பயமில்லை, அதிலே போடுகிற ஐஸில்தான் பயம். கடற்கரைப் பக்கத்தில் கட்டி ஐஸ் பெரும்பாலும் மீனுக்காக அடிப்பது. ஒரு வருசம் ஒரு பந்தலடியில் நின்று பார்த்தேன். உமி ஒட்டின சாக்கில் சுற்றி வந்த கட்டியை மதகில் வைத்துச் சுத்தியலால் உடைத்து, சாக்கோடு தூக்கிப் பீப்பாவில் கொட்டினார்கள். மிதந்த உமியை ஒரு பொடியன் கையால் அள்ளி எறிந்தான். குடித்த கப்புகளெல்லாம் ஒரே வாளித் தண்ணீரில் முங்கி எழும்பின. அன்றிரவு எங்கள் ரக்ரரில் வந்த தங்கச்சியின் மகனுக்கு வாந்தியும் வயிற்றோட்டமும். அந்தச் சர்பத்தால்தான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் தண்ணீர் உறைவதால் கிருமி செத்துவிடாது. ஐஸ் கரையும்போது அதுவும் கூடவே வரும். நீரிழிவுக்காரருக்கு அந்தச் சீனியும் ஆகாது.

மோர் அதைவிட எவ்வளவோ மேல். வேர்வையோடு போன உப்பை உப்புப் போட்ட மோர் திருப்பித் தரும். ஆனால் மோரில் பாதிக்கு மேல் தண்ணீர்தானே. “தம்பி, எந்தத் தண்ணியில கரைச்சனீங்கள்?” என்று நான் கேட்டுவிட்டுத்தான் வாங்குவேன். கேட்டதற்காக இதுவரை யாரும் கோபித்ததில்லை. “கொதிச்சாறின தண்ணி அக்கா” என்றால் இரண்டு கப் குடிப்பேன். பவுசரில் (தாங்கி லொறியில்) வந்த தண்ணீர் என்றால் லேசாகக் குளோரின் மணக்க வேண்டும். அந்த மணம் பிடிக்கவில்லை என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு, எனக்கு அது நிம்மதி.

கண்முன்னே வெட்டித் தருகிற இளநீர் சுத்தமானது. அதில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. அதனால் வேர்வையில் போன உப்பை அது மட்டும் ஈடு செய்யாது. சிறுநீரக நோயாளிகள் வைத்தியரைக் கேட்காமல் குடிக்கக் கூடாது. வவுனியாப் பக்கக் கிராமங்களில் அந்த நோயோடு இருப்பவர்கள் பொங்கலுக்கு வருகிறார்கள், வீட்டார்தான் கவனிக்க வேண்டும்.

போத்தல் தண்ணீர் வாங்கினால் எஸ்.எல்.எஸ். என்கிற இலங்கைத் தர முத்திரையையும் மூடியின் சீலையும் பாருங்கள். எட்டுப் பேர் வந்த குடும்பத்துக்கு அது கட்டாது. வெறும் போத்தல்களை கோயிலடி நந்திக்கடல் களப்புக் கரையில் எறிந்துவிட்டுப் போவதைப் பார்க்க எனக்கு வயிறு எரிகிறது.

பலரும் யோசிக்காத ஒன்று சுடச்சுடப் பிளேன்ரீ, பால் விடாத தேத்தண்ணீர். வெயிலுக்குள் ரீயா என்று கேட்பீர்கள். கொதித்த தண்ணீர், சூட்டோடு கையில் வருகிறது. தெரியாத இடத்தில் தாகமெடுத்தால் நான் தேடுவது அதைத்தான்.

இத்தனைக்கும் மேலாக நான் நம்புவது வீட்டிலிருந்து கொண்டுபோகிற கொதித்தாறிய தண்ணீரை. தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும். மூடி ஆறவைத்து, பைப் வைத்த கானில் ஊற்றுங்கள். வாய் அகன்ற பாத்திரமென்றால் ஆளுக்கு ஆள் கை விடுவார்கள், கொதிக்க வைத்த பலன் அங்கேயே போய்விடும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், கிணற்றுத் தண்ணீரில் உள்ள புளோரைட் போகாது. புளோரைட்டையும் வடிக்கிற ஆர்.ஓ. இயந்திரத்தின் தண்ணீர் குடித்துப் பழகிய ஊர்க்காரர் அதையே நிரப்பி வாருங்கள்.

பையில் வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கிற ஜீவனித் தூள் இரண்டு பைக்கற்றும் இருக்கட்டும். வயிற்றோட்டம் தொடங்கினால் ஒரு பைக்கற்றை முழுதாக ஒரு லீற்றர் தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். பாதிப் பைக்கற்றை ஒரு கப்பில் கரைப்பதும், சர்பத்தில் கலப்பதும் பிழை. கரைத்ததை 24 மணித்தியாலத்துக்கு மேல் வைக்கக் கூடாது. ஜீவனி கிடைக்காவிட்டால் ஒரு லீற்றருக்குத் தட்டையாக 6 தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. பிள்ளை சோர்ந்து தூங்கி வழிந்தாலோ, சலம் (சிறுநீர்) போகாவிட்டாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ நேரே ஆஸ்பத்திரிதான்.

இந்த முறை எங்கள் ஒழுங்கைக்காரரும் தண்ணீரூற்றுப் பக்கம் பந்தல் போடுகிறோம். வற்றாப்பளைப் பொங்கலுக்கு முதல் நாள், ஞாயிறு இரவு, முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலில் பொங்கல் நடக்கிற நேரம் எங்கள் அடுப்பிலும் கிடாரம் ஏறும்; விடிய ஆறின தண்ணீரில்தான் மோர். ஐஸ் இல்லை, கடதாசிக் கப். தேசிக்காயும் கறிவேப்பிலையும் தர விருப்பமானவர்கள் சனிக்கிழமையே கொண்டுவந்து தாருங்கள்.