ஊரில் விட்டுவந்த கடன்: கட்டுவதா, பேசி முடிப்பதா, காத்திருப்பதா?

இந்தியாவில் விட்டுவந்த கடன்களை ஒரு தாளில் எழுதிப் பார்க்க எனக்கு இரண்டு வருடம் ஆனது. அதற்குள் ரீசார்ஜ் செய்யாமல் விட்ட பழைய சிம் செத்துப்போயிருந்தது. வங்கிச் செயலியைத் திறந்தால் ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் போகும். பாக்கி எவ்வளவு என்று தெரிந்துகொள்ளவே அப்பா மூன்று முறை கிளைக்கு அலைந்தார். அந்த அலைச்சலில்தான் ஒன்று உறைத்தது: கடன் வாங்கியது நான், ஆனால் வங்கிக்காரர் எதிரில் உட்கார்ந்திருப்பது அப்பா.

அதனால் இந்த ஒப்பீட்டை வட்டி விகிதத்தில் தொடங்கவில்லை. ஒவ்வொரு கடனிலும் வேறு யாருடைய கையெழுத்து இருக்கிறது, எந்தப் பத்திரம் அடமானத்தில் இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி.

கல்விக் கடனை எடுத்துக்கொள்வோம். வழக்கமாகப் பெற்றோர் இணைக் கடன்தாரராக இருப்பார்கள். பொதுத்துறை வங்கிகளில் 7.5 லட்சத்தைத் தாண்டினால் பெரும்பாலும் வீட்டுப் பத்திரமும் கேட்பார்கள். தவணை 90 நாள் தவறினால் அது வாராக்கடன். வீடு அடமானத்தில் இருந்தால், 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு, நீதிமன்றத்தில் வழக்குப் போடாமலேயே வங்கி சொத்தின் மேல் கை வைக்கலாம். விவசாய நிலத்துக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்பது ஓர் ஆறுதல். இப்படிப்பட்ட கடனுக்கு ஒரே வழி, ஒழுங்காகத் தவணை கட்டுவது. மற்ற வழிகளை இதில் யோசிப்பதே வீண்.

தவணை கட்டுவதில் ஒரு சிக்கல் உண்டு. நீங்கள் என்ஆர்ஐ ஆனதும் பழைய சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ கணக்காக, அதாவது வெளிநாட்டில் வாழ்பவர் இந்தியாவில் வைத்திருக்கும் ரூபாய்க் கணக்காக, மாற்ற வேண்டும். அந்த மாற்றத்தில் கணக்கு எண் மாறினால், தவணை எடுக்கக் கொடுத்திருந்த மேண்டேட் அறுந்துவிடும். பணம் கணக்கில் இருக்கும், தவணை மட்டும் போகாது. புது மேண்டேட் போட்டு, முதல் தவணை போனதைக் கண்ணால் பார்க்கும்வரை நிம்மதியாக இருக்காதீர்கள்.

சிலர் இங்கே குறைந்த வட்டிக்குக் கடன் வாங்கி ஊர்க் கடனை மொத்தமாக அடைக்கிறார்கள். 12 சதவீதத்தை விட 8 சதவீதம் நல்லது என்று கணக்குப் போடுவார்கள். நானும் அப்படித்தான் போட்டேன். ஆனால் ரூபாய் பாட்டுக்கு இறங்கிக்கொண்டே வருகிறது. 2014-இல் டாலருக்கு 60 ரூபாய் அளவில் இருந்தது, 2024-இல் 84 வரை வந்தது. 12 லட்சம் அன்றைக்கு 20,000 டாலர், பின்னால் அதுவே 14,300 டாலர்தான். டாலரில் சம்பாதிக்கிறவருக்கு ரூபாய்க் கடன் தானாகவே கொஞ்சம் கரைகிறது. அதை டாலர் கடனாக மாற்றினால் அந்த லாபம் போய்விடும். போதாததற்கு, இங்கே வேலை போனால் கடன் கொடுத்தவரும் இதே நாட்டில் இருப்பார். கிரெடிட் கார்டு பாக்கிக்கு மட்டும் இந்த வழி சரி. மாதம் 3.5 சதவீத வட்டியில் 50,000 ரூபாய் ஒரு வருடத்தில் 75,000-ஐத் தாண்டும், மூன்று வருடத்தில் 1.7 லட்சம். ரூபாய் அவ்வளவு வேகமாக எல்லாம் இறங்காது.

அடுத்தது, பேசி முடிப்பது. வங்கிகள் ஓடிஎஸ் என்பார்கள்: பாக்கியில் ஒரு பகுதியைக் கட்டினால் மீதியை விட்டுவிடுவார்கள். வட்டி ஏறி மலையான கார்டு கடனுக்கும், ஜாமீன் இல்லாத தனிநபர் கடனுக்கும் கேட்டுப் பார்க்கலாம். இதில் விலை வேறு இடத்தில் இருக்கிறது. நம் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் முழுதாகக் கட்டிய கடன் 'க்ளோஸ்டு', பேசி முடித்த கடன் 'செட்டில்டு'. அந்த ஒரு சொல் வருடக்கணக்கில் உடன் வரும். 2023 ஜூனில் ரிசர்வ் வங்கி போட்ட விதிப்படி, இப்படிச் சமரசம் செய்துகொண்டவருக்கு அதே வங்கி குறைந்தது 12 மாதமாவது புதுக் கடன் தரக் கூடாது (விவசாயக் கடனுக்கு வேறு கணக்கு). திரும்பி வந்து வீடு வாங்கும் எண்ணம் இருக்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். அந்த எண்ணமே இல்லாதவருக்கு ஓடிஎஸ் மோசமில்லை. ஆனால் போனில் பேசும் ஏஜென்ட் சொல்லும் தொகையை நம்பி ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். வங்கியின் கடிதம் கைக்கு வரட்டும். பணம் கடன் கணக்குக்குத்தான் போக வேண்டும், ஏஜென்ட் சொல்லும் கணக்குக்கு அல்ல.

மூன்றாவது, எல்லோரும் ரகசியமாக நம்பும் வழி: மூன்று வருடம் சத்தம் போடாமல் இருந்தால் கடன் காலாவதியாகிவிடும். 1963-ஆம் ஆண்டின் கால வரம்புச் சட்டத்தில் இத்தகைய கடன் வழக்குகளுக்கு மூன்று வருடம் என்று இருப்பது உண்மைதான். ஆனால் அதே சட்டத்தின் 15(5) பிரிவைப் படித்தவர் குறைவு. வழக்குப் போடப்படுபவர் இந்தியாவுக்கு வெளியே இருந்த காலத்தை அந்தக் கணக்கிலிருந்து கழித்துவிட வேண்டும் என்கிறது அது. நீங்கள் விமானம் ஏறியதும் கடிகாரம் நின்றுவிடுகிறது! ஊரிலேயே இருந்து கட்டாமல் விட்டவருக்குக் கிடைக்கும் சலுகைகூட நமக்கு இல்லை.

பயத்தையும் அளவோடு வைத்துக்கொள்ளலாம். கடன் கட்ட முடியாமல் போவது குற்றம் அல்ல, சிவில் விவகாரம். கொடுத்துவைத்த செக் பணமில்லாமல் திரும்பினால்தான் கிரிமினல் வழக்கு வரும். தவணை மேண்டேட் அப்படித் திரும்பினாலும் அதே கதைதான். இரண்டுக்கும் இரண்டு வருடம் வரை சிறை உண்டு. விமான நிலையத்தில் பிடிப்பார்கள் என்ற மிரட்டலைப் பொறுத்தவரை, கடனாளிகள் மீது லுக்அவுட் சுற்றறிக்கை (நாட்டை விட்டுப் போகவிடாமல் விமான நிலையத்தில் தடுக்கச் சொல்லும் உத்தரவு) கேட்கும் அதிகாரம் பொதுத்துறை வங்கித் தலைவர்களுக்கு இல்லை என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2024 ஏப்ரலில் சொல்லிவிட்டது. ரெக்கவரி ஏஜென்ட் காலை 8 மணிக்கு முன்போ மாலை 7 மணிக்குப் பின்போ அழைக்கக் கூடாது. உறவினர்களைத் தொந்தரவு செய்வதும் விதிமீறல். இதை அப்பா அம்மாவுக்கு முதலிலேயே சொல்லிவையுங்கள், ஏனென்றால் போன் அவர்களுக்குத்தான் வரும்.

நகைக் கடன் பற்றி ஒரு வரி: ஏல நோட்டீஸ் பழைய முகவரிக்குப் போகும். அதனால் முகவரியை மாற்றுங்கள், அல்லது முதல் வேலையாக மீட்டுவிடுங்கள்.

கைமாற்றும் புரோநோட்டும் வேறு உலகம். புரோநோட்டைத் திருப்பிப் பார்த்தால் பின்பக்கத்தில் 'வரவு 500' என்று தேதி போட்டுக் கையெழுத்து இருக்கும். அந்த 500 ரூபாய்க்கு உள்ள பலம் பலருக்குத் தெரியாது. கெடு முடிவதற்குள் அப்படி வரவு வைத்தால் மூன்று வருடம் அன்றிலிருந்து புதிதாக ஓடும். ஆகவே சமாதானத்துக்காகக் கொஞ்சம் அனுப்புவது, சட்டத்தின் கண்ணில் கடனைப் புதுப்பிப்பது. ஆனாலும் இதில் நான் சட்டம் பார்க்க மாட்டேன். கொடுத்தவர் பெரும்பாலும் மாமா, சித்தப்பா, இல்லையென்றால் தெரு முனையில் தினமும் அம்மாவைப் பார்க்கிறவர். தொகை சின்னது, பேச்சு பெரிது. இங்கே முதலில் அடைக்க வேண்டியது இதைத்தான், வட்டியே இல்லாவிட்டாலும்.

எனக்குக் கடைசியில் மிச்சமிருந்தது கல்விக் கடன். கட்டி முடித்த அன்று நிலுவையில்லாச் சான்று வந்தது, பத்திரம் வரவில்லை. ரிசர்வ் வங்கி விதிப்படி, 2023 டிசம்பர் முதல், முழுதாகக் கட்டிய 30 நாளுக்குள் பத்திரத்தைத் தந்துவிட வேண்டும். வங்கியால் தாமதமானால் ஒவ்வொரு நாளுக்கும் 5,000 ரூபாய். இதை ஒரு தாளில் எழுதி அப்பாவின் சட்டைப்பையில் வைக்கச் சொன்னேன். நான்காவது முறையாகக் கிளைக்குப் போனார். தாளை எடுக்கவே வேண்டியிருக்கவில்லையாம்.